நோட்டில் ஏறாத அளவு

காரை யார் கையில் ஒப்படைப்பதாக இருந்தாலும் முதலில் பானெட்டைத் திறப்பேன். ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்து, ஃபோனில் ஒரு படம் பிடித்துக்கொள்வேன். சாவியைக் கொடுப்பது அதற்குப் பிறகுதான். திரும்ப வாங்கும்போது இன்னொரு படம். எல்லாவற்றுக்கும் தேதி போட்டு வைத்திருக்கிறேன். சிரிப்பீர்கள். ஆனால் என்னோடு படித்தவர்களில் பாதிப் பேராவது இப்படி ஏதோ ஒன்றைச் செய்துகொண்டுதான் இருப்பீர்கள். கம்பெனிகள் வந்த புதிதில் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிப் புதுமனைகளில் வளர்ந்த பிள்ளைகள் நாம். நம் அப்பாக்கள் சம்பளத்தோடு சேர்த்து, எதையும் சோதித்துக் கையெழுத்துப் போடும் பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கியதே, நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் ஒரு நோட்டு இருந்தது. இப்போது நான் எழுதுவது அந்த நோட்டைப் பற்றித்தான்.

போன மாதம் ஒரகடம் சாலையில் ஒரு மெக்கானிக் கடைக்குப் போனேன். வண்டியை நிறுத்திய கையோடு பானெட்டைத் திறந்து கம்பியை உருவினேன். ஆயில் கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது. மாற்றி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நிறமும் மை போலக் கறுத்திருந்தது. போன தடவை மாற்றியவன் ஏமாற்றிவிட்டான் என்று முடிவே செய்துவிட்டேன்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இன்னா மேடம், வந்து நின்னதும் கம்பிய உருவிக்கினு நிக்கிறீங்க? ஆயிலு பூரா இன்னும் மேலதான் கீது. எறங்க வுடுங்க. ஒரு பத்து நிமிஷம் ஆவட்டும்."

அந்தப் பத்து நிமிடத்தில் அவர் என்ன செய்யத் திட்டமிடுகிறார் என்று யோசித்தேன். நாற்காலி போட்டார், நான் உட்காரவில்லை. டீ சொல்லட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். டம்ளரைப் பார்த்துக் குனிகிற நேரம் போதும், ஒருவர் ஏமாற்ற. பானெட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன். பத்து நிமிடம் கழித்து நானே கம்பியை உருவினேன். மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. யாரும் எதையும் ஊற்றவில்லை.

"அப்போ ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு?" என்று விடாமல் கேட்டேன்.

"டீசல் வண்டி மேடம். கரிய வாங்கிக்கத்தானே ஆயிலு ஊத்தறோம்? ஒரு மாசம் ஓட்டியும் தேன் மாதிரி இருந்துச்சுனா அப்ப வாங்க. ரெண்டு பேருமா சேந்து சந்தேகப்படலாம்."

பணம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அதுவும் எனக்கு உறுத்தியது. சுங்குவார்சத்திரம் தாண்டும்வரை அவரையே சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு, சின்ன வயதில் எங்கள் காரை ஓட்டிய டிரைவர் அண்ணனின் முகம் வந்தது. வீட்டுக்குப் போனதும் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன்.

நோட்டுப் போட்ட வருடம் எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. ஆறாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் வீட்டைத் 'தெக்கத்தி வீடு' என்பார்கள். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மனை பிரித்த இடம். வீடுகளைவிட மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்கள்தான் அதிகம். மழை நின்றால் தவளைச் சத்தமும், மழை இல்லாவிட்டால் லாரிப் புழுதியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் நடக்கும். வார்னிஷ் வாசனையோடுதான் நான் ஜெபம் கற்றுக்கொண்டேன்.

அப்பாவுக்குக் கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை. அது போக, ஒரு பழைய வெள்ளை டீசல் காரை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். ஊரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்த வெளிநாட்டு இன்ஜினியர்களைக் காலையில் கம்பெனிக்குக் கொண்டுபோய்விட்டு, மாலையில் திரும்பக் கொண்டுவருவது அதன் வேலை. அதை ஓட்டியவர்தான் டிரைவர் அண்ணன். எங்கள் மனைகளுக்குப் பின்னாலிருந்த கிராமம் அவருடையது. அவர்கள் குடும்பத்து நிலம் கம்பெனிக்குப் போயிருந்தது.

"சார், உங்க மிஷினு நிக்கிற எடத்துல எங்கப்பா கேவுரு போட்டுக்கினு இருந்தாரு" என்று ஒரு நாள் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஒரு தபா உள்ள இட்டுக்கினு போங்க சார், நெலத்த பாத்துட்டு வந்துர்றேன்."

"பாஸ் இல்லாம உள்ள விடமாட்டாம்ப்பா" என்றார் அப்பா. அதை அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

டிரைவர் அண்ணனுக்கு இருந்தது ஒரே ஆசை. கம்பெனி பஸ் ஓட்ட வேண்டும். பஸ் விடுகிற காண்ட்ராக்டர் ஆயுத பூஜை கழிந்ததும் புது டிரைவர்களை எடுப்பார். கம்பெனியில் வேலை செய்கிற யாராவது ஒருவர் ஆளைப் பற்றி 'நம்பலாம்' என்று சொல்ல வேண்டும். டிரைவர் அண்ணன் அப்பாவின் பெயரைக் கொடுத்திருந்தார். அப்பாவும் சரி என்றிருந்தார்.

"பொண்ணு பாக்க போனா, 'காரு ஓட்றான்'னதும் மூஞ்சிய திருப்பிக்கிறாங்கக்கா" என்று அம்மாவிடம் சொல்வார். "'கம்பெனி பஸ்ஸு'ன்னு சொன்னாத்தான் காப்பி வருது."

"வேலை இன்னும் கிடைக்கலையே, அதுக்குள்ள ஏன் சொல்லுத?"

"காப்பி குடிக்கத்தாங்கா."

சந்தேகம் தொடங்கியது நிறத்தில்.

பள்ளி திறந்த சமயம். அப்பா காருக்குப் புது ஆயில் வாங்கிக் கொடுத்து, கண் முன்னாலேயே மாற்றச் சொன்னார். மஞ்சள் கேனிலிருந்து தகரப் புனல் வழியே அது இறங்கியதைப் பார்த்தேன். பொன்னிறம், வெயில் ஊடுருவியது. மூன்றாம் நாள் அப்பா கம்பியை உருவிப் பார்த்தார். கறுப்பு.

அப்பாவுக்கு எண்ணெய் பற்றித் தெரிந்ததெல்லாம் பிரஸ் ஷாப்பில் கற்றது. அங்கே ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குள் இருக்கும் எண்ணெய் மாதக்கணக்கில் தேன் நிறத்திலேயே நிற்கும். அது கறுத்தால் யாரோ தவறு செய்திருக்கிறார்கள் என்று பொருள். லைனை நிறுத்துவார்கள், சூப்பர்வைசர் வருவார், ஆளைக் கண்டுபிடித்த பிறகுதான் லைன் ஓடும். அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசலில் கார் ஏறும் சிமெண்டுச் சரிவில் நின்று, கம்பியைத் துடைத்த பனியன் வேஸ்ட் துணியில் படிந்த கறுப்பை முகர்ந்து பார்த்தார்.

"இது நான் வாங்கிக் குடுத்த ஆயில் இல்ல" என்றார் அம்மாவிடம். "அத வடிச்சு வித்துட்டு, எவன் வண்டியிலயோ கழிச்சத ஊத்திருக்கான்."

"அப்படியா செய்வான்? நேத்துகூட பிள்ளைக்கு நாவப்பழம் கொண்டாந்தான்."

"நாவப்பழம் ஏன் கொண்டாந்தான்? அத யோசி."

அம்மா யோசித்தாள். நானும் யோசித்தேன். நாக்கு அப்போதும் ஊதா நிறமாகத்தான் இருந்தது.

அன்று மாலை நோட்டு வந்தது. நீளமான கோடு போட்ட நோட்டு, நீல அட்டை. கம்பெனியில் மிஷினில் தொங்கும் சோதனைத் தாளைப் போலவே அப்பா சொல்லச் சொல்ல நான் அடிக்கோலால் கட்டம் போட்டேன். தேதி. ஷிஃப்ட். அளவு. நிறம். கையெழுத்து. அளவைக் கால், அரை, முக்கால், முழு என்றுதான் எழுத வேண்டும். அப்பா பார்த்துச் சொல்வார், நான் எழுதுவேன், அப்பா தன் பேனாவால் கையெழுத்துப் போடுவார்.

"கையெழுத்து இல்லாத ரீடிங் ரீடிங்கே இல்ல, தெரிஞ்சுக்கோ" என்றார். தெரிந்துகொண்டேன். வகுப்பில் என் நோட்டுகளைத்தான் டீச்சர் மற்றப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவார். இது அதைவிடப் பெரிய பொறுப்பு என்று தோன்றியது. பாதி சிவப்பும் பாதி நீலமுமாக ஒரு ரப்பர் வைத்திருந்தேன். அந்த நோட்டில் ஒரு கோடு பிசகினாலும் அழித்து மறுபடி போட்டேன்.

அப்பாவுக்கு அப்போது இரண்டு ஷிஃப்ட், வாரம் மாற்றி வாரம். A வாரம் என்றால் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். மதியம் திரும்பி, மாலை கார் வரும்வரை காத்திருப்பார். கார் சரிவேறி நின்றதும், இன்ஜினை அணைத்த அடுத்த நொடி பானெட் திறக்கும். உள்ளிருந்து அடுப்படி போல அனல் வரும். இரும்பு சுருங்கும் 'டிக், டிக்' சத்தத்துக்கு நடுவே அப்பா கம்பியை உருவுவார். B வாரம் என்றால் மதியம்தான் கிளம்புவார். அதனால் காலையில், இரவெல்லாம் ஆறிக் கிடந்த வண்டியில் பார்ப்பார்.

A வாரம் முழுக்க அளவு குறைவாக இருக்கும். அப்பா கொஞ்சம் ஊற்றுவார். மறுநாள் மறுபடி குறைவு. மறுபடி கொஞ்சம்.

"தினமும் எடுக்கான்" என்பார்.

அடுத்து B வாரம். திங்கட்கிழமை காலை கம்பியை உருவினால் முழுக்கோட்டைத் தாண்டி நிற்கும்.

"பாத்தியாட்டி? நோட்டு போடுதோம்னு தெரிஞ்சதும் பயந்து திருப்பி ஊத்திருக்கான்." கம்பியை மூக்கருகே கொண்டுபோனார். "இல்ல. டீசலக் கலந்து ஒப்பேத்திருக்கான். மோந்து பாரு."

முகர்ந்தேன். எனக்கும் டீசல் வாசனை அடித்தது. மண்ணெண்ணெயா என்று கேட்டிருந்தால் அதற்கும் ஆமாம் என்றிருப்பேன்.

குறைந்தால் திருட்டு, கூடினால் கலப்படம். டிரைவர் அண்ணனுக்குத் தப்பிக்க ஒரு வழியும் இருக்கவில்லை. ஆனாலும் அவர் சொல்லிப் பார்த்தார். ஒரு A வார மாலையில் அப்பா புனலோடு நின்றபோது, "சார், வண்டி வந்ததும் பாக்காதீங்க. காலைல பாருங்க, கரீட்டா காட்டும்" என்றார்.

அப்பா கேனை மூடினார். உள்ளே வந்ததும் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "காலைல நான் வீட்டுல இருக்கமாட்டேன்னு தெரிஞ்சுதான் சொல்லுதான்."

"காண்ட்ராக்டர்ட்ட என்ன சொல்லப் போறிய?"

"பூஜைக்குள்ள தெரிஞ்சிரும்."

ஆயுத பூஜையும் வந்தது. காருக்குப் பொட்டு வைக்கலாமா என்று டிரைவர் அண்ணன் கேட்டார். எங்கள் வீட்டில் அது கிடையாது என்றார் அப்பா. டிரைவர் அண்ணன் காரை மெல்ல உருட்டி, சரிவிலிருந்து இறக்கி, தெருவில் நிறுத்தினார். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்.

"இன்னாப்பா இது?" என்று அப்பா அவர் பாஷையிலேயே கேட்டார்.

"ரோடு கவர்மெண்டுது சார். பழம் என்னுது. வண்டி மட்டுந்தான் உங்களுது. அத்த நான் ஒண்ணும் பண்ணல, அதுவாத்தான் ஏறப் போவுது."

அப்பா சிரித்துவிட்டார். அந்தப் பருவம் முழுவதிலும் அவர் டிரைவர் அண்ணனைப் பார்த்துச் சிரித்தது அன்று ஒரு முறைதான். நான்கு பழமும் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கின. புழுதியிலிருந்து புளிப்பு வாசனை எழுந்தது. நானும் சிரித்தேன். அன்று எல்லாம் சரியாகிவிடும் என்றுகூடத் தோன்றியது.

ஆனால் மாலையில் அப்பா பானெட்டைத் திறந்தார். பூஜைக்காக டிரைவர் அண்ணன் இன்ஜினைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்.

"இவ்வளவு துடைக்க என்ன அவசியம்?" என்றார் அப்பா. "எதையோ மறைக்கான்."

என் பள்ளி நோட்டுக்கு ஒட்டும் லேபிள் ஒன்றைக் கேட்டார். கம்பெனியில், திறக்கக் கூடாத பெட்டிகளின் மூடி விளிம்பில் இப்படித்தான் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார்களாம். பானெட்டும் கார் உடம்பும் சேரும் இடுக்கின் குறுக்கே நான் சோற்றுப் பருக்கையால் லேபிளை ஒட்டினேன். அப்பா அதன்மேல் கையெழுத்திட்டார். தினமும் மாலையில் சோதித்த பிறகு புது லேபிள்.

பூஜை வந்த அந்த வாரம் A வாரம். புதன்கிழமை. அப்பா விடியுமுன்னே போய்விட்டார். ஆறரைக்கு டிரைவர் அண்ணன் வந்தார். நான் சரிவில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாப்பா, காருக்கு லேபிளு ஒட்டிக்கீது? பேரு, வகுப்பு, பிரிவு ஒண்ணும் எழுதலியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, நுரையைத் துப்பினேன். அவர் சிரிக்கவில்லை. லேபிளில் இருந்த கையெழுத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு பானெட்டைத் தூக்கினார். லேபிள் கிழிந்தது.

"நேத்து வர்றப்ப வண்டி நீலமா பொகைய கக்கிச்சு. சார் ஊத்தி ஊத்தி ரொப்பி வெச்சிக்கிறாரு. எறக்கலனா உள்ள ரப்பரு பிச்சிக்கும், இஞ்சினே போய்டும்." கம்பியை உருவி என் முன்னால் நீட்டினார். "நீயே பாரு. மேல்கோட்டுக்கு மேல அரை வெரலு."

பார்த்தேன். அரை விரல் உயரம்தான்.

அவர் காருக்கு அடியில் படுத்து, இன்ஜினின் அடி நட்டைத் தளர்த்தி, மஞ்சள் கேனில் கறுப்பு ஆயிலைக் கொஞ்சம் பிடித்தார். நட்டை முறுக்கி, மறுபடி அளந்து பார்த்தார். கேனை டிக்கியில் வைத்தார். அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அந்த நோட்ட எடுத்தா பாப்பா" என்றார். கொண்டுவந்தேன். "எய்து. காலைல ஆறரை. வண்டி ஆறி கீது. அரை வெரலு ஜாஸ்தி. ஒன்ற லிட்டரு எறக்கிக்கிது. கேனு டிக்கில கீது. எய்திக்கினியா?"

அப்பாவின் பேனாவை நான் தொடக் கூடாது. பென்சிலால் எழுதினேன்.

"சாயங்காலம் நானே சார்கிட்ட சொல்வேன். நான் சொன்னா நம்ப மாட்டாரு. நோட்டுனா நம்புவாரு." என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பினார். அந்த வெள்ளிக்கிழமைதான் காண்ட்ராக்டர் அப்பாவைப் பார்க்க வருவதாக இருந்தது.

பள்ளி விட்டு வந்ததும், வழக்கம்போல நோட்டை எடுத்து அன்றைய வரிக்குத் தேதியும் ஷிஃப்டும் எழுதித் தயார் செய்ய உட்கார்ந்தேன். பென்சில் வரி கண்ணில் பட்டது. அது கட்டங்களுக்குள் அடங்காமல் ஒரு வரி முழுக்க ஓடியிருந்தது. 'அரை விரல்' என்று ஓர் அளவு எங்கள் நோட்டில் கிடையாது. அதில் கையெழுத்தும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் அது ரீடிங் இல்லை. பக்கம் அசிங்கமாக இருந்தது.

ரப்பரின் சிவப்புப் பக்கத்தால் அழித்தேன். தூளை ஊதினேன். என்னை யாரும் தூண்டவில்லை. யார்மேலும் எனக்குக் கோபமில்லை. ஒழுங்குக்காக அழித்தேன்.

ஆறே முக்காலுக்குக் கார் வந்தது. அப்பா முதலில் கிழிந்த லேபிளைப் பார்த்தார். பிறகு அம்மா சொன்னாள், "காலைல கேனோட நின்னான்." அப்பா டிக்கியைத் திறந்தார். மஞ்சள் கேன். உள்ளே ஒன்றரை லிட்டர்.

"இது என்னப்பா?"

"நானே சொல்லத்தான் வெச்சிருந்தேன் சார். ஆயிலு ஜாஸ்தியா இருந்துச்சு, எறக்கினேன்."

"ஜாஸ்தியா? நேத்து சாயந்திரம் நான் பாத்தப்ப கால் அளவுலதான் நின்னுது."

"ஆறாத வண்டில பாத்தீங்க சார். இன்னிக்கி காலைல அளந்து, நோட்லயும் எய்திக்கீது. பாப்பாதான் எய்திச்சு. பாருங்க."

அப்பா கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். பக்கத்தைத் திருப்பினார். வெற்று வரியின்மேல் விரலை வைத்துக் கடைசிவரை ஓட்டினார்.

"நோட்டுல இல்லியேப்பா" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். "ஏட்டி, இவன் சொல்லி ஏதாவது எழுதினியா?"

எழுதினேன், அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொற்கள். ஆனால் நோட்டில் எழுதியதை அழித்தால் அப்பா என்ன சொல்வார் என்பதுதான் எனக்கு முன்னால் நின்றது. கம்பெனியில் சோதனைத் தாளில் அழித்தவனை வேலையை விட்டு அனுப்பியதாக அவர் ஒரு முறை சொல்லியிருந்தார்.

"இல்ல" என்றேன்.

டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "சின்னப் புள்ள சார். மறந்துட்டிருக்கும்" என்றார். சாவியைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போனார். இன்ஜின் 'டிக், டிக்' என்று ஆறிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காண்ட்ராக்டர் வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். "ஆள் எப்படி சார்?" என்று அவர் கேட்டதும், "வண்டி நல்லா ஓட்டுவான். கை சுத்தமில்ல" என்று அப்பா சொன்னதும் உள் அறையில் இருந்த எனக்குக் கேட்டது. பஸ் வேலை வேறு யாருக்கோ போனது.

புது டிரைவர் அகப்படும்வரை அப்பாவே விடுமுறை நாளில் காரை ஓட்டினார். ஓட்டி வந்து நிறுத்தியதும் கம்பியை உருவிப் பார்த்து ஊற்றுவதை அவர் விடவில்லை; ஆள் போன பிறகும் ஏன் குறைகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போகும் வழியில் வண்டி நீலப் புகையாய்க் கக்கி, அடியில் ஆயிலைக் கொட்டிவிட்டு நின்றது. சுங்குவார்சத்திரத்து மெக்கானிக் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரு சார் இவ்ளோ ஊத்துனது? இஞ்சினா, தண்ணித் தொட்டியா?"

"பழைய டிரைவர். போகும்போது என்னமோ பண்ணிட்டுப் போயிருக்கான்" என்றார் அப்பா.

கிறிஸ்துமஸுக்கு முன் காரை வந்த விலைக்கு விற்றார். டிரைவர் அண்ணனை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். செம்பரம்பாக்கம் போகும் சாலையில் ஒரு தண்ணீர் லாரியை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தார். நான் பள்ளிச் சுற்றுலாப் பேருந்தின் ஜன்னலோரம் இருந்தேன். குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொள்கிறேன். அதையும் முழுதாக நம்பவில்லை.

தகரப் பெட்டியில் நோட்டு அப்படியே இருந்தது. கரையான் மேல் அட்டையை மட்டும் தொட்டிருந்தது. அந்த வயதில் நான் ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாக எழுதினேனே தவிர, மேலிருந்து கீழாக ஒரு முறையும் படிக்கவில்லை. இப்போது படித்தேன். A, A, A, A, A, A. கால், கால், கால், அரை, கால், அரை. B, B, B, B, B, B. முழு, முழு, முழுக்கு மேல். ஜூனிலிருந்து அக்டோபர்வரை ஒரு வாரம்கூட மாறவில்லை. டிரைவர் அண்ணன் திருடவில்லை என்பதை என் கையெழுத்திலேயே, அப்பாவின் ஒப்பத்தோடு, நாங்கள்தான் மாதக்கணக்கில் எழுதி வைத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனேன். அதே வீடு; இப்போது சுற்றிலும் மூன்று மாடி விடுதிகள், துணி காயும் பால்கனிகள். அம்மா இல்லை. அப்பா எழுபதைத் தாண்டிவிட்டார். காய்கறிக்காரர் நிறுத்துக் கொடுத்ததை இன்னும் வீட்டுத் தராசில் ஒரு முறை போட்டுப் பார்க்கிறார்.

நோட்டை விரித்து, A வாரங்களையும் B வாரங்களையும் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"சூட்டோட பாத்தா குறையத்தான் காட்டும்பா. நீங்க ஊத்தினதுதான் மறுவாரம் கூடியிருக்கு."

"சரி. அப்போ மூணே நாள்ல கறுத்துச்சே?"

"டீசல் வண்டியில கறுக்கும்பா. கறுக்கணும்."

"இத உனக்கு யார் சொன்னா?"

"ஒரகடத்துல ஒரு மெக்கானிக்."

"மெக்கானிக் சொல்லுவான்" என்றார் அப்பா. "எல்லாம் இருக்கட்டும். கேன் எப்படி டிக்கிக்குப் போச்சு?"

அப்போதுதான் சொன்னேன். ஆறரை மணி, அரை விரல், ஒன்றரை லிட்டர், பென்சில். ரப்பரின் சிவப்புப் பக்கம். 'இல்ல' என்று நான் சொன்னது. இருபது வருடத்துக்கு மேலாக நாட்குறிப்பு எழுதுகிறேன். இதை எங்கேயும் எழுதியதில்லை.

அப்பா என்னை வெகுநேரம் பார்த்தார். கோபம் இல்லை. பழைய பார்வைதான், பனியன் வேஸ்டில் படிந்த கறுப்பைப் பார்த்த பார்வை.

"அவனுக்காக நீ இப்போ இப்படிச் சொல்லுதியா?"

"இல்லப்பா. நான் எழுதினேன். நான்தான் அழிச்சேன்."

"எந்த வரி?"

காட்டினேன். எழுந்து நோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். பத்து வயதில் நான் எதையும் நன்றாகத்தான் செய்திருக்கிறேன்; தாளில் ஒரு தடம்கூட இல்லை. அப்பா கட்டைவிரலை அந்த வரியின் தொடக்கத்தில் வைத்து, மெதுவாகக் கடைசிவரை ஓட்டினார்.

"நோட்டுல இல்லியேம்மா" என்றார்.